அடுப்படிக் கேள்வி பதில்: போர்ச்சுகல் ஒயினும் நம்ம மிளகு வறுவலும்

போன இதழ்ல திராட்சை ரசம், ஒயின் ரெண்டுக்கும் வித்தியாசம் என்னன்னு ஒரு வரி எழுதினேன், அதுக்கே இந்தத் தடவை இவ்ளோ கடிதம். அதுல போர்ச்சுகல் ஒயின் பத்தி வந்ததை மட்டும் எடுத்து ஒண்ணா பதில் சொல்றேன். சட்டப்படி 21 வயசு ஆகாதவங்க இதைச் சமையல் குறிப்பா மட்டும் படிங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். என் மச்சான் லிஸ்பன்ல ஒரு ரெஸ்டாரண்ட் கிச்சன்ல வேலை பாக்குறாரு. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ ஒரு செவப்பு ஒயின் கொண்டாந்து குடுத்தாரு. லேபிள்ல டோரு டிஓசி, டின்டு, ரெசெர்வா, டூரிகா நசியோனால்னு என்னென்னமோ போட்ருக்கு. ஞாயித்துக்கெழமை கறி எடுத்து மட்டன் குழம்பு வச்சு இதைத் திறக்கலாம்னு இருக்கோம், சரியா வருமா? நாங்க இதுவரைக்கும் ஒயினே குடிச்சதில்ல. இது பிடிச்சிருந்தா இன்னொண்ணு காரைக்கால்ல வாங்கிட்டு வரலாமா?
வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, கறி சரி, குழம்பு வேணாம். ஏன்னு சொல்றேன்.

வெத்தலை போடுறப்போ பாக்கைக் கடிச்சதும் நாக்கு ஒரு மாதிரி இழுத்துப் பிடிக்கும்ல, நாவப்பழம் தின்னாலும் வாழைப்பூவைப் பச்சையா வாயில வச்சாலும் அப்படித்தான் இருக்கும், அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின்தான் செவப்பு ஒயின்லயும் இருக்கு. திராட்சைத் தோல்ல இருந்தும் கொட்டையில இருந்தும் எறங்குறது. அது நம்ம எச்சில்ல இருக்குற புரதத்தைப் போய்ப் பிடிச்சுக்குது, அதான் வாய் காஞ்சு போன மாதிரி தெரியுது. ஆனா வாயில ஏற்கனவே கறியும் கொழுப்பும் இருந்துச்சுன்னா டானின் அதைப் பிடிச்சுக்கும், நாக்கை விட்டுடும், ஒயின் மெத்துன்னு எறங்கும். கறியும் செவப்பு ஒயினும் சேர்றதுக்குக் காரணம் இதான்.

இப்ப நம்ம குழம்புக்கு வருவோம். மிளகாய்த்தூள் மூணு கரண்டி, தக்காளி, சில வீட்டுல கொஞ்சம் புளியும் உண்டு. மிளகாய்க் காரம் இருக்குற வாயில ஆல்கஹால் பட்டா அந்தக் காரம் இன்னும் பத்திக்கிட்டு எரியும், டோரு ஒயின்ல சாதாரணமாவே 13.5, 14 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், எரிச்சல் தாங்காது. புளி வேற மாதிரி கெடுக்கும், ஒயின்ல இருக்குற புளிப்பைத் தூக்கி விழுங்கிடும், அப்புறம் குடிச்சா உசுரில்லாம சப்புன்னு இருக்கும். அதனால அந்த நல்ல பாட்டிலைக் குழம்போட திறந்து "இதுக்கா இவ்ளோ பேச்சு"ன்னு தள்ளி வச்சுடாதீங்க.

அதே கறியை மிளகு வறுவலாப் பண்ணுங்க. தொடையும் நெஞ்செலும்பும் கலந்து, கொழுப்பை வெட்டித் தள்ளாம வாங்கிக்கங்க. உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு போட்டு முக்கால் பதம் வேகவச்சு தனியா வச்சுக்கணும். இரும்புச் சட்டியில நல்லெண்ணெய் ஊத்தி சோம்பு, கறிவேப்பிலை, ரெண்டே ரெண்டு காஞ்ச மிளகாயைக் கிள்ளாம முழுசாப் போட்டு, சின்ன வெங்காயம் ஒரு பெரிய கை நிறைய போட்டு ஓரம் செவக்குற வரைக்கும் வதக்கி கறியையும் அந்த வெந்த தண்ணியையும் ஊத்தி விட்டுருங்க. தண்ணி வத்துறப்போ சத்தம் மாறும், முதல்ல தளதளன்னு கொதிச்சுக்கிட்டு இருக்குறது அப்புறம் சடசடன்னு பொரியிற சத்தமா மாறும், அப்போ பாத்தீங்கன்னா கறியோட கொழுப்பு உருகி சட்டி ஓரத்துல பளபளன்னு நிக்கும். அந்த நிமிஷம்தான் அம்மியில ஒண்ணும் பாதியுமா தட்டின மிளகைப் போடணும், முன்னாடியே போட்டா வாசனை போயிடும். ரெண்டு கிளறு, எறக்கிடலாம். கொழுப்பு ஒட்டின ஒரு துண்டை மென்னு முழுங்கினதும் ஒரு வாய் ஒயின் குடிச்சுப் பாருங்க, அப்ப புரியும் நான் ஏன் இவ்ளோ சொல்றேன்னு. வீட்டுல உப்புக்கண்டம் இருந்துச்சுன்னா அதையும் நாலு துண்டு பொரிச்சு வைங்க, உப்பு பட்டா துவர்ப்பு அடங்கும்.

இது நான் கற்பனையாச் சொல்றதில்ல. போர்ச்சுகல்லயே வெள்ளாட்டுக் குட்டியைப் பூண்டு, பிரிஞ்சி இலை போட்டுச் சுட்டுத் தின்னுட்டு இதைத்தான் குடிக்கிறாங்க, ஈஸ்டருக்கு அது அவங்களுக்குப் பெரிய சாப்பாடு. நான் கப்பல் கிச்சன்ல இருந்த காலத்துல போர்ட்டோ பக்கம் எறங்கினப்போ ஒரு சின்னக் கடையில அதைச் சாப்பிட்டேன், முதல் வாய்லயே எனக்கு எங்க அம்மா வைக்கிற சுக்கா ஞாபகம்தான் வந்துச்சு, மசாலா வேற, ஆனா வத்தி வறண்டு கொழுப்புல பொரிஞ்ச அந்த ருசி ஒண்ணுதான். இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க, வாஸ்கோட காமா 1498ல கோழிக்கோட்டுல வந்து எறங்கினதே மிளகு வாசனையைத் தேடித்தான், மிளகாய் நம்ம நாட்டுக்கு வந்தது அதுக்கப்புறம் அந்தப் போர்ச்சுகீசியர் கப்பல் வழியாத்தான். அதுக்கு முன்னாடி நம்ம அடுப்படியில காரம்னா மிளகுதான். இந்த ஒயினும் மிளகோட பழகும், மிளகாயோட சண்டை போடும்.

லேபிள் விஷயம். டின்டுன்னா செவப்பு ஒயின். டோருங்கிறது அங்க ஓடுற ஆத்தோட பேரு, அந்தப் பள்ளத்தாக்கோட பேரும் அதான். 1756லயே அப்போ போர்ச்சுகல் மந்திரியா இருந்த பொம்பால் பிரபு எல்லை போட்டுக் கொடுத்த ஒயின் பிரதேசம், உலகத்துலயே ரொம்பப் பழசுகள்ல ஒண்ணு, 2001ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. டிஓசின்னா அந்த எல்லைக்குள்ள, அங்க அனுமதிச்ச திராட்சையில, அந்த விதிப்படி செஞ்சதுன்னு அர்த்தம், நம்ம ஊருல புவிசார் குறியீடு குடுக்குறோம்ல அந்த மாதிரி. ரெசெர்வான்னு போடணும்னா குறைஞ்சபட்ச ஆல்கஹாலை விட அரை சதவீதமாவது கூட இருக்கணும், ருசி பாக்குற குழுவும் ஒத்துக்கணும். டூரிகா நசியோனால் திராட்சையோட பேரு, சின்னச் சின்னப் பழம், தோல் தடிமன், காய்ப்பு கம்மி, அதனாலதான் நெறமும் துவர்ப்பும் அவ்ளோ. அங்க பெரும்பாலும் டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ்னு மத்த ரகங்களோட கலந்துதான் ஒயின் பண்ணுவாங்க.

நம்ம ஆளுங்களுக்கு மண்ணைப் பத்திச் சொன்னா ஆச்சரியமா இருக்கும். நம்ம வண்டல்ல குச்சியை நட்டாலும் துளுக்கும், டோருல மண்ணே கெடையாது, செங்குத்தாப் பாளம் பாளமா நிக்கிற கல்லு. அந்தக் கல்லை ஒடச்சு மலைச் சரிவுல படிக்கட்டு மாதிரி வரப்பு கட்டி கொடி வச்சிருக்காங்க, வேர் கல்லு இடுக்குக்குள்ள பூந்து கீழ தண்ணி தேடிப் போகும். ஒன்பது மாசம் குளிர்காலம், மூணு மாசம் நரகம்னு அவங்களே அந்த ஊர் வெய்யிலைப் பத்திச் சொல்லுவாங்க. கஷ்டப்பட்ட கொடியில பழம் கம்மியா வரும், ஆனா கெட்டியா வரும். அதே கொடியை நம்ம வண்டல்ல வச்சா இலையாத் தழைச்சுட்டு பழம் தண்ணியாப் போகும்.

கடைசியா, சூடு. செவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது ஐரோப்பாக்காரன் வீட்டு ரூம், 16லருந்து 18 டிகிரி. நம்ம வீட்டுக் கூடத்துல 33, 34 இருக்கும், அதுல ஊத்தினா ஸ்பிரிட் வாசனைதான் மூக்குல ஏறும். போன வருஷம் ஒரு ஹோட்டல்ல அடுப்புக்குப் பக்கத்து அலமாரில நின்ன பாட்டிலை அப்படியே ஊத்திக் குடுத்தாங்க, நல்ல ஒயின், வீணாப் போச்சு, எனக்கு மனசே ஆறல. முந்தின நாளு ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டு சாப்பிட அரை மணி முன்னாடி எடுங்க, இல்லன்னா ஐஸ் தண்ணி வாளியில 15 நிமிஷம். ஒரு பாட்டில் 750 மில்லி, நாலஞ்சு பேருக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் வரும், அது போதும்.

காரைக்கால் விஷயம்: வாங்கிட்டு வராதீங்க. அது புதுச்சேரி யூனியன் பிரதேசம், அங்க வாங்கின பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டாந்தா மதுவிலக்குச் சட்டத்துல கேஸ் ஆகும். மச்சான் அடுத்த தடவை வர்றப்போ ஃபிளைட்ல ஒருத்தருக்கு 2 லிட்டர் வரைக்கும் வரியில்லாம கொண்டாரலாம், அதுதான் சரியான வழி.

கேள்வி: அண்ணா, நாங்க நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை பக்கம். எங்க வீட்டுல மீன் இல்லாம சாப்பாடு இல்ல. மீனுக்கு வெள்ளை ஒயின், கறிக்கு செவப்புன்னு சொல்றாங்க, அப்போ எங்களுக்கு செவப்பு ஒயினே சரிப்படாதா?
வாசகி, நாகப்பட்டினம்

பதில்: உங்க கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு தங்கச்சி, ஏன்னா உலகத்துலயே மீனோட செவப்பு ஒயினை அசராம குடிக்கிற ஜனம் போர்ச்சுகீசியர்தான். அதுவும் என்ன மீன்? கருவாடு!

பக்காலியாவ்னு சொல்லுவாங்க, காட்ங்கிற குளிர்கடல் மீனை உப்பு போட்டுக் காயவச்சது. பலகை மாதிரி வெறப்பா, பழுப்பு வெள்ளையா, மேல உப்புப் பொரிஞ்சு நிக்கும், கடையில அடுக்கி வச்சிருக்குற பக்கம் போனாலே நம்ம கருவாட்டு மார்க்கெட் வாசனை. இத்தனைக்கும் அந்த மீன் அவங்க கடல்ல கெடைக்கிறது இல்ல, நூத்துக்கணக்கான வருஷமா கனடா பக்கத்து நியூஃபவுண்ட்லாந்து வரைக்கும் போய்ப் பிடிச்சாந்தாங்க, இப்ப நார்வேல இருந்து நெறைய வருது. அதை ஒரு நாளு, ரெண்டு நாளு தண்ணியை மாத்தி மாத்தி ஊறவச்சு உப்பு எறக்கி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கோட சமைப்பாங்க. கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி அங்க அநேக வீட்டுல இதுதான் சாப்பாடு, கூட செவப்பு ஒயின். கருவாடு ஆனப்புறம் மீன்ல தண்ணி போயி சதை கெட்டிப்படுது, உப்பும் எண்ணெயும் சேருது, அதான் செவப்பைத் தாங்குது.

அப்ப பச்சை மீனுக்கு ஏன் சரிப்படலன்னா, சில செவப்பு ஒயின்ல இருக்குற இரும்புச் சத்து மீன் கொழுப்போட சேர்றப்போ வாயில கவிச்சி அடிக்குது, 2009ல ஜப்பான்காரங்க ஆராய்ச்சி பண்ணி இதைக் கண்டுபிடிச்சாங்க. நான் ஒருதடவை வஞ்சிரக் குழம்போட கெட்டியான செவப்பு ஒயின் குடிச்சேன், துருப்பிடிச்ச ஆணியை நக்கின மாதிரி இருந்துச்சு, ஆசையா வாங்கின மீனும் அன்னைக்கு எறங்கல.

அதனால உங்க வீட்டுல நெத்திலிக் கருவாட்டை நல்லா கழுவி மொறுமொறுன்னு பூண்டோட வறுத்து, அதோட லேசான செவப்பு வச்சுப் பாருங்க. கருவாட்டுக் குழம்பு வேணாம், புளி இருக்கு. சுறாப் புட்டு நல்லா வரும், அதுல பூண்டும் வெங்காயமும் தூக்கலா இருக்கும்ல, பச்சை மிளகாயைப் பாதியாக் குறைச்சுக்கங்க. கணவாய் மிளகு வறுவல் ரொம்ப நல்லா வரும், அவங்க ஊர்ல ஆக்டோபஸை வேகவச்சு அப்புறம் பூண்டு எண்ணெயில சுட்டு செவப்போடதான் சாப்பிடுறாங்க. ஒயின் எதுன்னா, டோரு ரெசெர்வா மாதிரி கனமானது வேணாம், தாவ்ங் (லேபிள்ல Dão) பிரதேசத்து ஒயின் இல்லன்னா கஸ்டெலாவ் திராட்சையில செஞ்ச சின்ன வயசு ஒயின், நல்லா சில்லுன்னு 14 டிகிரில. மீன் வாங்குற மாதிரிதான், பேரைப் பாத்து வாங்காம அன்னைக்கு என்ன பண்ணப் போறோம்னு பாத்து வாங்கணும்.

நண்டுக்கும் இறாலுக்கும் மட்டும் நான் செவப்பு சொல்ல மாட்டேன். நண்டோட இனிப்பை அது அடிச்சுடும். அதுக்கு அவங்ககிட்டயே வீஞ்ஞு வெர்டுன்னு வட பக்கத்து வெள்ளை ஒயின் இருக்கு, லேசா நுரைச்சுக்கிட்டு எலுமிச்சை மாதிரி புளிப்பா இருக்கும்.

உங்க ஊருக்கு ஒரு சம்பந்தம் இருக்கு, 1658ல டச்சுக்காரன் பிடிக்கிற வரைக்கும் நாகப்பட்டினம் போர்ச்சுகீசியர் கையிலதான் இருந்துச்சு. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவங்க விட்டுட்டுப் போன வார்த்தை. ஒயினுக்கு அவங்க சொல்ற வீஞ்ஞு மலையாளத்துல இன்னைக்கும் வீஞ்ஞுதான்.

கேள்வி: எங்க வீட்டுல சைவம். கணவர் வெளிநாட்டுல இருந்து வர்றப்போ போர்ச்சுகல் அலென்டேஜோ ஒயின் கொண்டு வந்தார். அசைவம் இல்லாம இதோட எதைச் சாப்பிடறது?
வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, கொழுப்பும் உப்பும் கறியில மட்டும்தான் இருக்கணும்னு இல்ல. அலென்டேஜோ தெக்குப் பக்கம், வெய்யில் காயுற சமவெளி, ஒயின் பழுத்த பழ வாசனையோட கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், உங்களுக்கு நல்லாவே சேரும். சேனைக்கிழங்கை மிளகு சீரகம் தட்டிப் போட்டு நல்ல எண்ணெயில ரெண்டு பக்கமும் செவக்க வறுங்க. கத்திரிக்காயைத் தணல்ல சுட்டு, தோலுரிச்சு, நல்லெண்ணெய், பூண்டு, உப்பு மட்டும் போட்டுப் பிசைஞ்சா அதுவும் நல்லா இருக்கும். காளான் மிளகு வறுவல் அதைவிட ஒரு படி மேல. உங்க ஊரு கடப்பாவை நான் ஒரு பேச்சுக்குச் சொல்லல, முயற்சி பண்ணியே பாத்தேன், பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்புன்னு எல்லாமே மெதுவான ருசி, பச்சை மிளகாயை ஒண்ணோட நிறுத்தினா ஒயின் அதுல அழகா உக்காருது. ரசம், வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு மூணும் வேண்டாம். இனிப்புக்கு முன்னாடியே கிளாஸை முடிச்சுடுங்க, அசோகா சாப்பிட்ட வாய்க்கு இந்த ஒயின் வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கும்.

அந்த அலென்டேஜோ பக்கம் தாழி மாதிரி பெரிய மண் பானையில ஒயின் புளிக்க வைக்கிற பழக்கம் ரோமானியர் காலத்துல இருந்து இருக்கு, நவம்பர் 11 மார்ட்டின் புனிதர் நாளுல பானையைத் திறப்பாங்க. பாட்டில் கார்க்கும் அந்தப் பக்கத்து மரப்பட்டைதான், உலகத்துக் கார்க்குல பாதி போர்ச்சுகல்லருந்து வருது. மரத்துக்கு 25 வயசானாத்தான் முதல் பட்டை உரிப்பாங்க, அப்புறம் 9 வருஷத்துக்கு ஒரு தடவை. கோடாரியால கீறி, மரம் சாகாம சட்டையைக் கழட்டுற மாதிரி உரிப்பாங்க. திறந்ததும் அந்தக் கார்க்கை ஒருதடவை கையில வச்சுப் பாருங்க.

கேள்வி: எங்க தாத்தா காலத்துல இருந்து போர்ட் ஒயின்னு ஒரு பேரு கேள்விப்பட்டிருக்கேன். போர்ச்சுகல் ஒயின்னா அதுதானே? எனக்கு வயசு 68.
வாசகர், திருவையாறு

பதில்: ஐயா, அதுவும் டோரு ஆத்துப் பக்கத்து ஒயின்தான், ஆனா மன்னார்குடி தம்பிகிட்ட இருக்குறது வேற, இது வேற. திராட்சைச் சாறு புளிச்சுக்கிட்டு இருக்குறப்போ பாதியிலயே, இனிப்பு இன்னும் மிச்சம் இருக்குறப்போ, 77 சதவீதம் ஆல்கஹால் இருக்குற திராட்சைச் சாராயத்தை அதுல ஊத்திடுவாங்க. புளிக்க வைக்கிற ஈஸ்ட் செத்துடும், இனிப்பு அப்படியே தங்கிடும். ஆல்கஹால் 19, 20 சதவீதம் வரும், அதனால சின்ன கிளாஸ்லதான் குடிக்கணும்.

சில இடத்துல இன்னைக்கும் கருங்கல் தொட்டியில திராட்சையைக் கொட்டி, ஆளுங்க தோளோட தோள் கோத்துக்கிட்டு வரிசையா நின்னு காலால மிதிக்கிறாங்க. நம்ம களத்துல மாட்டை விட்டுப் போரடிச்சோமே, அது கண்ணுக்கு முன்னாடி வரும். கால்ல மிதிச்சா கொட்டை ஒடையாது, கசப்பு எறங்காது, அதுதான் காரணம். முன்னெல்லாம் அந்த ஒயினைப் பீப்பாயில அடைச்சு, தட்டையான பாய்மரப் படகுல ஏத்தி ஆத்தோட எறக்கி கடலோரம் கொண்டு போனாங்க. பீப்பாய்ங்கிற நம்ம வார்த்தையே அவங்களோட பீப்பாதான், டோருல ஒரு பீப்பாய்க்கு 550 லிட்டர் கணக்கு.

சாப்பாட்டுல, டானி போர்ட்னு பழுப்பு நெறத்துல ஒண்ணு உண்டு, 10 வருஷம், 20 வருஷம்னு லேபிள்லயே இருக்கும், மரப் பீப்பாயிலயே கெடந்து முந்திரி, வெல்லப்பாகு வாசனை ஏறியிருக்கும். மேல செவப்பு ஒயினுக்கு இனிப்பு ஆகாதுன்னேன்ல, இதுக்கு அப்படியில்ல, ஒயினே இனிப்புங்கிறதால வெல்லத்தோட ஒத்துப் போகும். அதிரசமோ நெய்யில வறுத்த முந்திரியோ வச்சுப் பாருங்க. உங்க வயசுக்கு சுகர், பிரஷர் மாத்திரை ஏதாவது எடுத்துக்கிட்டா முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுடுங்க ஐயா, நான் சொல்றதை வச்சுத் தொடாதீங்க.

கேள்வி: செவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது, தெனம் ஒரு கிளாஸ் குடிக்கலாம்னு சொல்றாங்களே?
வாசகர், திருவாரூர்

பதில்: வேணாம். குடிக்காதவங்க உடம்புக்காக ஆரம்பிக்கவே கூடாது. 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனமே எந்த அளவும் பாதுகாப்பானதுன்னு சொல்ல முடியாதுன்னு சொல்லிடுச்சு. நான் இங்க எழுதுறது ருசிக்காக, எப்பவாவது நாலு பேரு சேந்து சாப்பிடுறப்போ. இதயத்துக்கு சாயங்காலம் ஆத்தங்கரையில நடங்க.

கேள்வி: சித்தப்பா குடுத்த போர்ச்சுகல் ஒயின் மூணு வருஷமா பரண்ல நிக்குது. பழசானா நல்லதுன்னு சொன்னாங்க. எப்ப திறக்கலாம்? ஊத்தி வைக்க பித்தளை சொம்பு போதுமா?
வாசகர், பாபநாசம்

பதில்: தம்பி, ஓட்டுக்குக் கீழ பரண்ல மூணு சித்திரையைத் தாண்டிருக்கு, எனக்குக் கொஞ்சம் கவலையாத்தான் இருக்கு. பழசானா நல்லாகுறது இருட்டா, 13, 14 டிகிரில, படுக்க வச்சிருந்தாத்தான், அதுவும் எல்லா ஒயினும் கெடையாது. நிக்க வச்சா கார்க் காஞ்சு சுருங்கி காத்து உள்ள போயிடும். இனிமே காத்திருக்காதீங்க, இந்த வாரமே திறங்க. கார்க் மேல தள்ளிக்கிட்டு நிக்குதா, ஓரத்துல கசிஞ்ச தடம் இருக்கான்னு முதல்ல பாருங்க. ஊத்தினா ஓரம் செங்கல் நெறத்துல இருந்து, வாசனை நல்லா காஞ்ச பழம் மாதிரி இருந்தா குடிக்கலாம், காடி வாசனை அடிச்சா சமையலுக்குக் காடியா வச்சுக்கங்க. கார்க் உளுத்துப் போயிருக்கலாம், பொறுமையா நேராத் திருகி எடுங்க, ஒடஞ்சு உள்ள விழுந்தா மெல்லிய வேட்டித் துணியில வடிகட்டிடலாம், ஒயினுக்கு ஒண்ணும் ஆகாது. அடியில மண்டி தங்கியிருந்தா கடைசி ரெண்டு வாயை ஊத்தாம விட்டுடுங்க.

பித்தளை சொம்பு வேண்டவே வேண்டாம், புளி கரைச்சு வச்சா பச்சை பூக்குமே, அதேதான் இதுலயும் நடக்கும். கண்ணாடி ஜக் இல்லன்னா சில்வர் கூஜா. மிச்சம் இருந்தா அந்தக் கார்க்கையே திருப்பிச் சொருகி ஃப்ரிட்ஜ்ல வைங்க, மூணு நாளைக்குள்ள முடிச்சுடுங்க. திறந்ததும் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க.